கண்மணியின் அடுத்த புள்ளி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. சமுதாய அக்கறை, மனிதநேயம் என்று பின்னால் யாராவது முன்னுரை எழுதினால் நம்பாதீர்கள். 1964ஆம் வருடம் ஒரு கல்யாண விருந்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர்மேல் எனக்கு வந்த எரிச்சல், அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்க்கும் ஆம்ப்ரோஸ் தம் மகள் பிரிஜட்டைக் கட்டிக்கொடுத்த நாள் அது. மாதா கோயிலில் பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அந்த மனிதர் குழம்பு படாமல் இருக்க டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"ஒரு ஸ்டூடண்ட் முதல் வருஷம் எழுதற பரீட்சை மார்க்க மட்டும் கொடுங்க சார். கடைசி வருஷம் அவன் எங்க நிப்பான்னு நான் இப்பவே சொல்லிடுவேன்."

நான் அவரை ஜோசியர் என்று நினைத்தேன். "கைரேகையா, நாடியா?" என்றேன்.

"ஸ்டாடிஸ்டிக்ஸ்" என்றார், சிரிக்காமல்.

பெயர் அற்புதராஜ். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் உதவியாளர். (எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். இந்தக் கதைக்காக நானே செங்கல் வைத்துக் கட்டியது.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. வீணான தொடக்கங்களை இங்கேயே போடுகிறேன். ஒளித்து வைத்தால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள், அது நியாயமும்கூட.

முதல் தொடக்கம்: 'அற்புதராஜ் என்னும் கொடியவன் –' இதை என் மனைவி ரத்தினம்மா வாசித்துவிட்டு, "அந்த மனுசன் உங்கள என்ன பண்ணினாரு? பாயசத்தைக்கூட உங்க பக்கம் தள்ளி வெச்சாராமே, நீங்கதானே வந்து சொன்னீங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'கண்மணி என்ற ஏழைப்பெண் கண்ணீர் மல்க –' கண்மணியை அப்போது நான் பார்த்ததே இல்லை. பார்க்காத பெண்ணின் கண்ணில் தண்ணீர் ஊற்ற நான் யார்? அதையும் அடித்தேன்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் மேலே வாசித்தீர்கள். அதிலும் ஒரு பொய் இருக்கிறது. அன்றைக்குப் பிரியாணி இல்லை, நெய்ச்சோறு. ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

3

அற்புதராஜின் வித்தையை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு. கிராஃப் தாளில் குறுக்கே பரீட்சைகள், நெடுக்கே மதிப்பெண். பரீட்சை நடக்க நடக்கப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வந்துவிடும். இதுவரைக்கும் பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்வான். அவருடைய வேலை அதற்குப் பிறகுதான். பழைய மாணவர்கள் நூற்றுக்கணக்கானவர்களின் கோடுகளை அலசி, எந்த மாதிரி ஆள் எப்போது ஏறுவான், எப்போது சரிவான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அப்பாவின் வேலை, படித்த பள்ளி, குடியிருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அந்தந்த மாணவரின் அட்டையில் துளை போட்டுக் குறித்திருப்பார். இந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். புதிய மாணவனின் முதல் சில புள்ளிகளைக் கொடுத்தால், மாடல் இன்னும் நடக்காத பரீட்சைக்குப் புள்ளி வைத்துவிடும். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் யாருக்குப் பணம் என்று உதவித்தொகைக் குழு இந்த வருடம் முதல் முடிவு செய்யப்போகிறதாம்.

"இப்ப ஒரு பொண்ணு இருக்கு சார். பேர் கண்மணி, நம்ம தமிழ்ப் பொண்ணு" என்றார். "மார்க் ஏறிக்கிட்டே போகுது. ஆனா ரெண்டாவது வருஷம் விழும்னு என் மாடல் சொல்லுது. ஏன்னு தோண்டிப் பாத்தேன். அட்ரஸ். அந்த அட்ரஸ்ல இருந்து முன்னாடி வந்த பசங்க எல்லாம் ரெண்டாவது வருஷம் படுத்துட்டாங்க. அது என்ன வீடு சார், அங்க என்னதான் நடக்குது? சூதாட்டமா, ரகசியக் கூட்டமா? நேர்லயே போனேன். அது வீடே இல்ல, இரும்புக் கடை. கடைக்காரர் என்னடான்னா, கண்மணியா, அப்படி யாரும் இல்லைங்கறார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அட்ரஸ் பொய்யின்னு எழுதிக் கொடுத்துட்டேன். கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். உண்மையான அட்ரஸ் சொல்லலேன்னா பர்சரி, அதான் உதவித்தொகை, கட். பர்சரி இல்லேன்னா அந்தப் பொண்ணால படிக்க முடியாது. பாவம்தான். என்ன பண்றது?"

"எந்தக் கடை?"

"ஜாலான் புசார்ல, ஹனீபா ஹார்ட்வேர்."

குவீன்ஸ்டவுனில் வீடு கிடைப்பதற்கு முன்னால், பல வருடம் என்னுடைய முகவரியும் அதுதான்.

4

[இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கதையில் விளக்கம் எழுதக் கூடாது என்பார்கள். சொல்பவர்களுக்கு எல்லாம் சொந்த வீடு இருக்கும்.]

அந்த நாளில் எங்களில் பாதிப் பேருக்குத் தபால்காரர் கண்டுபிடிக்கக்கூடிய வீடு கிடையாது. கம்பம் என்று இங்கே சொல்லும் கிராமத்துக் குடிசை, கட்டடம் எழும்பும் இடத்தில் போட்ட கொட்டகை, ஒரே அறையில் ஷிப்டு மாற்றிப் படுக்கும் கட்டில், இவற்றுக்கெல்லாம் கதவு எண் ஏது? எனவே தெரிந்த கடையின் முகவரியைக் கொடுப்போம். ஹனீபாவின் கடையில் தாழ்ப்பாள் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். வந்த கடிதமெல்லாம் அதில் கிடக்கும். கடைக்குப் போனால், "அண்ணே, கடுதாசி இருக்கு" என்று அவரே எடுத்து நீட்டுவார். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை, யார் என்ன என்று கேட்டதும் இல்லை.

வீடு இல்லாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே முகவரியை எழுதினார்கள். வீடு இல்லாத பிள்ளை இரண்டாவது வருடம் சரிவதில் என்ன ஆச்சரியம்? பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள். அற்புதராஜின் மாடல் பார்த்தது சரிதான். பார்த்ததற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில், அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மனிதர், அவருக்கு இது எப்படித் தெரியும்?*

* அவருக்காக நான் வக்கீல் வேலை பார்ப்பதாக நினைக்க வேண்டாம். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சமையலறை ஜன்னலுக்குக் கீல் வாங்க வேண்டும் என்று ரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டு ஜாலான் புசாருக்குப் போனேன். ஜன்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஹனீபா என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணே, போன மாசம் கடைக்கு மாத்தா வந்துட்டான்."

இங்கே போலீஸ்காரருக்கு மாத்தா என்று பெயர். அந்த வருடம் ஊரே சரியில்லை. கலவரம், ஊரடங்கு, இன்னாரைக் கூட்டிப்போனார்களாம், இன்னார் வீட்டில் தேடினார்களாம் என்று தினம் ஒரு பேச்சு. காப்பிக் கடையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

"வெள்ளச் சட்டை, டை, கையில ஃபைல். நல்லாத் தமிழ் பேசறான். கண்மணின்னு ஒரு பொண்ணு இங்க இருக்கா, எப்ப வரும், எப்ப போகும், யார் யாரு வந்து பாக்கறாங்கன்னு கேக்கறான். மாத்தாவைத் தவிர எவன்ணே இப்படிக் கேப்பான்? படிக்கிற பிள்ளைங்களத்தானே இப்பத் தேடறாங்க. அப்படி யாரும் கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். டின்னுல அந்தப் பிள்ளைக்கு ஒரு கடுதாசி இருந்துச்சு. அதத் தூக்கி ஆணி மூட்டைக்கு அடியில போட்டுட்டேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வந்தவர் யார் என்று சொன்னேன். பர்சரியைப் பற்றியும், அவர் போட்ட கோட்டைப் பற்றியும் சொன்னேன்.

ஹனீபா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா. காப்பாத்தறேன்னு நெனச்சு அந்தப் பிள்ளை கழுத்த அறுத்துட்டேனே அண்ணே" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதை நான் இட்டுக்கட்டவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? அற்புதராஜ் கடையைச் சந்தேகித்தார். கடைக்காரர் அற்புதராஜைச் சந்தேகித்தார். இருவரும் தமிழர்கள், இருவரும் தமிழில்தான் பேசினார்கள். ஒருவராவது 'நீங்க யாருங்க, எதுக்குக் கேக்கறீங்க' என்று கேட்டிருந்தால் –

[இந்த வாக்கியத்தை முடித்தால் பள்ளிக்கூடப் பாடம் ஆகிவிடும். விட்டுவிடுகிறேன்.]

6

கண்மணி கடிதம் எடுக்க வந்தாள். இல்லை, தற்செயலாக வரவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாள் என்று ஹனீபா சொன்னதால் நான் உட்கார்ந்தே இருந்தேன். வேவு பார்த்தேன் என்றாலும் சரி.

இரண்டு பின்னல், மடித்த குடை, மூக்குக் கண்ணாடி. அழவில்லை. அழாதது எனக்கு ஒருவிதத்தில் ஏமாற்றமாகவும் இருந்தது. ஹனீபா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பரவால்ல மாமா, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள்.

"நீ எங்கம்மா இருக்கே?" என்று நான் கேட்டேன்.

அவள் ஹனீபாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் சொன்னாள்.

அவள் அம்மா முத்தாயிக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் சமையல் வேலை. பின்பக்கம் வேலைக்காரருக்கு ஓர் அறை. அந்த அறையில் வேலைக்காரர் மட்டும்தான் தங்கலாம், உறவினர் யாரும் தங்கக் கூடாது என்பது அந்த வீட்டு விதி. அப்பா போன பிறகு கண்மணி அந்த அறையில்தான் இருக்கிறாள். துரை வீட்டார் முன்னறையில் சாப்பிடும் நேரமாகப் பார்த்து, பின்வாசல் வழியாக உள்ளே போவாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வாள். அப்படி இருந்துகொண்டுதான் மதிப்பெண் ஏறியிருக்கிறது.

"அட்ரஸ் சொன்னா கமிட்டியில இருந்து அந்த வீட்டுக்கு லெட்டர் போகும் அங்கிள். செக் பண்ணாம விடமாட்டாங்க. அம்மாவுக்கு வேலையும் போயிடும், ரூமும் போயிடும். சொல்லலேன்னா என் படிப்பு போயிடும்" என்றாள். "நான் கீழ விழுவேன்னு அந்த சார் கோடு போட்டாராம்ல? அவர் டிபார்ட்மெண்டும் என் கிளாசும் ஒரே மாடிதான்லா. தினம் அவரைத் தாண்டித்தான் போறேன். என்கிட்ட வந்து கேக்கலியே. அட்ரஸ்கிட்டப் போய்க் கேட்டிருக்கார்."

கீலுக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

7

அற்புதராஜைப் போய்ப் பார்த்தேன். கதாசிரியன் பாத்திரத்தைத் தேடிப் போவது முறையா என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் நான் முறை பார்ப்பதில்லை.

அவர் கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்மணியின் கிராஃபை எடுத்துக் காட்டினார். மையில் வைத்த புள்ளிகள் படிப்படியாக ஏறின. கடைசிப் புள்ளியிலிருந்து பென்சிலில் புள்ளிக்கோடு ஒன்று சரிந்து இறங்கியது.

"அந்தக் கடைக்காரர் பயத்துல சொன்னது சார். உங்கள மாத்தான்னு நெனச்சுட்டார்" என்றேன்.

"என்னையா?" அவர் தம் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. "அப்ப சரி. அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு சொல்லுங்க, கார்டை மாத்திடறேன்."

"அதச் சொல்ல முடியாது."

"சொல்லாம எப்படி சார்? கார்டுல அட்ரஸ் கட்டத்தைக் காலியா விட முடியாது. காலியா இருந்தா அந்தக் கார்டையே வெளிய எடுத்துடணும். எடுத்துட்டா அந்தப் பொண்ணு லிஸ்ட்லயே இருக்காது."

"நடக்காத பரீட்சைக்கு மார்க் போடறீங்களே, உங்களுக்கே கூச்சமா இல்லியா?"

அவர் கோபப்படவில்லை. இயந்திரத்தின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் வரைக்கும் இந்தப் பணத்த எப்படிக் கொடுத்தாங்க தெரியுமா? அப்பா யாரு, யார் சிபாரிசு, எந்தப் பெரிய மனுசன் போன் பண்ணினான். நான் அந்த ரூம்ல மினிட்ஸ் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். வயிறு எரியும். என் மாடலுக்கு மூஞ்சி தெரியாது. அதுக்குத்தான் இத்தனை பாடு படறேன்."

கிராஃபை அவர் மேசையிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். வில்லன் என்று நினைத்துப் போன இடத்தில் இப்படி ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் கதை எழுதுகிறவன் என்னதான் செய்வான்?

8

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஹனீபா சொங்கோக் தொப்பியோடு குழுவின் முன்னால் போய், 'அந்தப் பெண் என் கடை மாடியில்தான் இருக்கிறாள், நான்தான் பொய் சொன்னேன்' என்கிறார். அவர் இதற்குத் தயாராகவே இருந்தார். ஆனால் மாடியில் இருப்பது லாரி சுமை இறக்கும் ஆண்கள். அங்கே ஒரு வயதுப் பெண் குடியிருக்கிறாள் என்று எழுதி வைத்தால் பர்சரி பிழைக்கும், பெண்ணின் பெயர் பிழைக்குமா? இந்த முடிவு வேண்டாம்.

அற்புதராஜ் மனம் மாறி கிராஃபைக் கிழித்துப் போடுகிறார். கிழிக்க மாட்டார். அது அவருடைய நியாயம். கிழித்தாலும் அட்டைகள் இருக்கின்றன.

மூன்றாவது முடிவு ரத்தினம்மா கொடுத்தது. முத்தாயி துணிந்து எஜமானியிடம் உண்மையைச் சொல்கிறார், எஜமானி இளகி, 'உன் மகள் இங்கேயே இருக்கட்டும்' என்கிறாள்.

"அப்படியெல்லாம் நடக்காது" என்றேன்.

"அந்தம்மா நல்லவங்களா இருக்கக் கூடாதா? உங்களுக்கு இந்த உலகத்துல யாரத்தான் நம்ப முடியுது?"

"நல்லவங்களா இல்லாமப் போனா நடுத்தெருவுக்கு வர்றது நானா, நீயா? முத்தாயிதானே?"

ரத்தினம்மா விடவில்லை. "அப்ப நம்ம வீட்டுல வந்து இருக்கச் சொல்லுங்க. அட்ரசும் இருக்கு, நெசமான வீடாவும் இருக்கு" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை பக்கம் எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஜாலான் புசாருக்குப் போனேன். குழு அதற்கு முந்தின நாளே கூடிவிட்டது என்று ஹனீபா சொன்னார்.

9

"கமிட்டியில அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சாம்?" என்றேன்.

ஹனீபா ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணே, நீங்க இத வெச்சுக் கதை எழுதறீங்களாமே. ஆம்ப்ரோஸ் சொன்னாரு."

"ஆமா, ஆனா –"

"தப்பா நெனைக்காதீங்க. எத்தனையோ வருஷப் பழக்கம். ஆணி வேணும்னா கேளுங்க, கீல் வேணும்னா கேளுங்க. அந்தப் பிள்ளையப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

அற்புதராஜை வாசலில் நிறுத்திய அதே இடத்தில் என்னையும் நிறுத்திவிட்டார். கோபம் வந்தது. கோலாம் ஆயர் பாலம்வரை கோபத்தோடே நடந்தேன். அப்புறம்தான் வீட்டுக்குப் போய் இதுவரை எழுதியதை எல்லாம் எடுத்து வாசித்தேன்.

வெள்ளைக்கார அதிகாரி வீடு. தமிழ்ச் சமையற்காரி. கல்லூரிக்குப் போகும் மகள், இரண்டு பின்னல், கண்ணாடி. பின்வாசல். இதற்கு மேல் ஒரு முகவரி வேண்டுமா? இது அச்சில் வந்து, அந்த வீட்டுத் தோட்டக்காரரோ கார் ஓட்டுபவரோ வாசித்துவிட்டு வாயைத் திறந்தால் போதும். குழு செய்யப் பார்த்ததை நான் செய்து முடித்திருப்பேன்.

ஆகவே சில இடங்களை மாற்றியிருக்கிறேன். அவள் பெயர் கண்மணி இல்லை. முத்தாயி சமையல் செய்பவர் இல்லை, அந்த வீடு வெள்ளைக்காரர் வீடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணாடி போட்டிருந்தாளா என்பதையும் மறந்துவிடுங்கள். நீங்கள் யார், எதற்காக இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

பர்சரி கிடைத்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தாலும் எழுத மாட்டேன். கிடைத்தது என்று எழுதினால், அவள் முகவரியைச் சொல்லிவிட்டாள் என்று நீங்கள் கணக்குப் போட்டு, வீடு வீடாகப் பின்வாசலைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். கிடைக்கவில்லை என்று எழுதினால், அற்புதராஜ் பென்சில் புள்ளிமேல் மை வைத்துவிட்டு, 'பாத்தீங்களா சார், சரியா விழுந்திருக்கு' என்பார். அவர் தள்ளிவிட்டுத்தான் அது விழுந்தது என்பதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது.

மேசைக்கு அந்தப் பக்கம் குழு. இந்தப் பக்கம் மடித்த குடையோடு ஒரு பெண். "நீ எங்கே குடியிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார்கள். அவள் வாய் திறக்கப்போகிறாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவள் சொன்ன பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை யாரிடமும் காட்டாதீர்கள்.